மாடியை மட்டும் கேட்காதீர்கள்

வாருங்கள் தம்பி. செருப்பை அங்கேயே விட்டுவிடுங்கள். வாடகைக்கு என்று போர்டு பார்த்துத்தானே வந்தீர்கள்? முக்கில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறானே, அவனிடம் வழி கேட்கவில்லையே? கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீர்கள். “அந்த வீடா? அங்கதான் பச்சைப்பிள்ளைக்கு வலிப்பு வந்துச்சு” என்று அங்கேயே திருப்பி அனுப்பியிருப்பான். போன ஆனியிலிருந்து அவனுக்கு இதே வேலை. ஒருவர் வந்தார், பேங்கில் உத்தியோகம். எல்லாம் பேசி முடித்துவிட்டுப் பால் காய்ச்ச நாள் பார்த்து வருகிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் நானே சொல்லிவிடுகிறேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறவளுக்கு என்ன பயம்?

முதலில் வீட்டைப் பாருங்கள். இந்தச் சந்து வழியாகத்தான். தோளைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு ஒட்டும். இதுதான் கடைசி போர்ஷன். இருங்கள், லைட்டைப் போடுகிறேன். பகலில் எதற்கு லைட் என்று பார்க்கிறீர்களா? நீங்கள் தெரு வெயிலிலிருந்து வந்ததால் கண் இருட்டுகிறது, பழகிவிடும். கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். எப்படி? மதுரையில் சித்திரை மாதத்தில் இந்தக் குளிர்ச்சியை எங்கே போய்த் தேடுவீர்கள்? பக்கத்தில் மூன்று மாடி கட்டினான் பாருங்கள், அன்றோடு இந்த வீட்டுக்குச் சூடு என்பதே கிடையாது. ஜன்னல் இருக்கிறது. திறந்தால் அவன் சுவர்தான் தெரியும். தெரிந்தால் என்ன, நாம் என்ன வேடிக்கை பார்க்கவா குடியிருக்கிறோம்?

வாருங்கள், முன்னால் போய் உட்கார்ந்து பேசலாம். மோர் குடிக்கிறீர்களா? சரி, தண்ணீர்.

மனைவியைக் கூட்டி வரவில்லையா? மாசமாக இருக்கிறாளா! நல்லது, நல்லது. அப்படியானால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் வினோதினி. புருஷன் ஜெயபாண்டி, கூரியர் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன். கல்யாணமான புதிதில் வந்தார்கள். அவள் காரியாபட்டிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். அவர்கள் வம்சத்திலேயே இவள்தான் முதன்முதலாக டிகிரி படித்தாளாம். வந்த அன்றே அதை அவள் ஆத்தாள் எனக்குச் சொல்லிவிட்டாள், நான் கேட்காமலேயே. படித்தால்? இந்த வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட அவளுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருப்பாள். அதற்குச் சம்பளம் வருகிறதாம். நிழலில் உட்கார்ந்து விரலை ஆட்டினால் சம்பளம்! நான் கூழ் கிண்டிக் கிண்டித் தோள்பட்டை இறங்கிப்போய்க் கிடக்கிறேன்.

ஆமாம், வடகம். மரகதம் வடகம் என்று கேளுங்கள், மாட்டுத்தாவணி வரைக்கும் தெரியும். ஜவ்வரிசி, கூழ்வடகம், மோர்மிளகாய், சுண்டைக்காய் வத்தல். நான்கு மெஸ்காரர்கள் என்னிடம்தான் எடுக்கிறார்கள். தை பிறந்தால் என் மாடி எனக்கு இல்லை தம்பி, வடகத்துக்குத்தான். வடகத்தை லேசாக நினைக்காதீர்கள். விடியுமுன் கூழைக் காய்ச்சி, வேட்டியை நனைத்து விரித்து, பிழிந்து, முதல் வெயிலே அதன்மேல் விழ வேண்டும். மறுநாள் துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரித்து, மறுபடி வெயில். ஒரு வெயில் குறைந்தாலும் போச்சு. வெளியே பார்த்தால் மொறுமொறு என்று இருக்கும். உள்ளே ஈரம் நிற்கும். பிறகு பூஞ்சை பிடிக்கும், புழு வைக்கும். நான் அதைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறேன். பிள்ளையைக்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் மாடிக்குப் பூட்டு. வந்த அன்றே சொல்லிவிட்டேன்: தண்ணீர் தாராளமாகப் பிடித்துக்கொள், கறி சமைத்துக்கொள், விருந்தாளி வரட்டும், மாடியை மட்டும் கேட்காதே.

கேட்டாள். கேட்காமல் இருப்பாளா? இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ஜாதி இந்தக் குடித்தனக்காரர்கள். உங்களைச் சொல்லவில்லை தம்பி.

அவளுக்கு ஆறோ ஏழோ மாதம் அப்போது. படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றாள்.

“ஆன்ட்டி, காலையில கொஞ்ச நேரம் மாடியில நடந்துக்கவா? டாக்டர் நடக்கச் சொன்னாங்க.”

ஆன்ட்டியாம்.

“நடக்கத்தானே சொன்னாங்க? சந்துல அங்கிட்டும் இங்கிட்டும் நட.”

“சந்துல வெயிலே விழலையே ஆன்ட்டி.”

“வெயில் எதுக்கு? பிள்ளை கறுத்துப் பிறக்கவா?”

அவள் நிறத்துக்கு நான் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் நல்லதுக்குத்தானே சொன்னேன்? அசடு, சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பயந்த சுபாவம். அவள் வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. அதனால் எதற்கெடுத்தாலும் என் வாசலில் வந்து நிற்பாள். பப்பாளி சாப்பிடலாமா ஆன்ட்டி, கிரகணத்தன்று குளிக்கலாமா ஆன்ட்டி, இடுப்பெலும்பு வலிக்கிறது ஆன்ட்டி, படி ஏறினால் தொடை வலிக்கிறது ஆன்ட்டி. உட்கார்ந்தே கிடக்கிற உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்?

அப்படித்தான் ஒரு நாள் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். வெள்ளை வெள்ளையாக, தொண்டையில் சிக்குகிற பருமனில் இருந்தது. கால்சியமாம். கால்சியம் என்றால் என்ன, சுண்ணாம்பு. நான் சொன்னேன்: “இதை விழுங்குனா பிள்ளைக்குத் தலை கெட்டியாயிரும். அப்புறம் எப்படிச் சுகப்பிரசவம் ஆகும்? கத்திதான்.” பதறிப்போய்விட்டாள். “நிஜமாவா ஆன்ட்டி? நர்ஸ் அப்படிச் சொல்லலையே?” என்றாள். “நர்ஸுக்கு என்ன, கொடுத்துட்டுக் கணக்கு எழுதுவா. அறுத்துக்கிட்டு வரப்போறது நீ” என்றேன். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? எனக்கு என்ன ஆதாயம்? அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்றுதான். நினைவு வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் பிறகு என் தலையில் வந்து விடிந்தது.

வைகாசியில் பிரசவம். பையன். சுகப்பிரசவம்தான். பார்த்தீர்களா? அதற்கு யாராவது எனக்கு ஒரு நன்றி சொன்னார்களா என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் வந்தார்கள். பார்த்துக்கொள்ள அவள் ஆத்தாள் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தாள். களை எடுக்கிறவள், கறுத்துப்போய்க் கட்டை மாதிரி இருப்பாள், குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். உள்ளே காலை வைத்ததும் முதல் பேச்சு என்ன தெரியுமா? “என்னத்தா இது, குதிருக்குள்ள குடியிருக்கீங்க?” என் வீட்டைப் பார்த்து! ஓலைக்குடிசையிலிருந்து வந்தவள், என் மொசைக் தரையில் நின்றுகொண்டு, நெல் கொட்டுகிற குதிர் என்கிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அடுத்து ஒரு நாள் காலையில் நான் கூழ்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறேன், மகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு படியை மறித்து நிற்கிறாள்.

“ஏம்மா, இவ பச்ச உடம்புக்காரி. இளவெயில்ல சித்த நேரம் உக்காந்துட்டு வரட்டும்.”

“தீட்டு கழியலையே பேச்சி. தீட்டுக்காரி நிழல் பட்டா வடகம் செவந்து போயிரும்.”

“செவந்தா சிவப்பு வடகம்னு ரெண்டு ரூவா கூட்டி வித்துக்கயேன்.”

எதிர் வீட்டுக்காரிகள் சிரிக்கிறார்கள் தம்பி. என் வீட்டுப் படியில் வைத்து என்னை.

“வாய் நீளுது. உனக்குக் காட்டுல மேட்டுல காஞ்ச உடம்பு, நிழலோட அருமை தெரியாது. இங்க ஒப்பந்தம் போடுறப்பவே சொல்லியாச்சு, மாடி கிடையாது.”

“ஓம் மாடியத் தூக்கிக்கிட்டா போகப் போறோம்?”

“அம்மா, வாம்மா. ஆன்ட்டி கோவிச்சுக்கிறாங்க, வாம்மா” என்று அந்தப் பெண் ஆத்தாளின் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். வீட்டை விட்டுக் காலி பண்ணச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். அந்தப் பயமாவது இருந்ததே. உள்ளே போய்விட்டார்கள். நான் மேலே போய்க் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு பிழிந்தேன். கோபத்தில் அன்று ஒரு வரிசைகூட நேராக விழவில்லை.

பிள்ளை பெரிய அழுமூஞ்சி. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே, எனக்கு மத்தியானத் தூக்கமே போய்விட்டது. ஒரு நாள் அவள் கதவைத் தட்டுகிறாள். முகம் வெளிறிக் கிடக்கிறது.

“ஆன்ட்டி, பிள்ளைக்குக் கையும் தாடையும் வெடவெடன்னு ஆடுது. பிடிச்சாலும் நிக்க மாட்டேங்குது. நெட்ல பாத்தேன், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு போட்டிருக்கு.”

“நெட்டா பிள்ளை பெத்துச்சு?”

“அம்மா குளிருங்கிறாங்க, போர்வையைப் போட்டுப் போட்டு மூடுறாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“பச்சப்பிள்ளைன்னா தூக்கிவாரிப் போடத்தான் செய்யும். வசம்பைச் சுட்டு நெத்தியில ஒரு பொட்டு வை, நின்னுரும். ஆட்டோவுல தூக்கிட்டுப் போயி அங்க இருக்கிற சீக்கெல்லாம் வாங்கிட்டு வராத.”

அந்த ஆத்தாளும் குளிர் என்றுதானே சொன்னாள்? அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை. என்னைத்தான் சொன்னார்கள்.

மறுநாள் பிள்ளை அழவே இல்லை. வசம்பு கேட்டுவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் தம்பி, அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்து வந்து சந்தில் நின்று, “பரவால்லையே வினோதினி, பிள்ளை சமத்தாயிட்டானே” என்று பாராட்டக்கூடச் செய்தேன். அவள் உள்ளேயிருந்து, “பால் குடிக்க மாட்டேங்கிறான் ஆன்ட்டி, எழுப்புனாலும் கண்ணைத் தொறக்க மாட்டேங்கிறான்” என்றாள். “தூங்குற பிள்ளையை எதுக்கு எழுப்புற?” என்று கேட்டேன். அதற்குள் ஜெயபாண்டி வந்தான். வந்தவன் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தான். சட்டைகூட மாற்றவில்லை, கூரியர் பையோடு அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இந்தச் சந்தில் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போனான். ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கங்க என்று ஒரு வார்த்தை கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டார்கள். போகும் வழியிலேயே வலிப்பும் வந்ததாம். நானும் போனேன். போகாவிட்டால் நாளைக்கு ஒரு சொல் வருமே. பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு போனேன். வெளியே தரையில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு மார்பில் பால் கட்டி ரவிக்கையெல்லாம் நனைந்திருக்கிறது. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பன்னை நீட்டினேன், வாங்கவில்லை. பேச்சியம்மாள் வாங்கிப் பக்கத்தில் இருந்த யாருக்கோ கொடுத்துவிட்டாள். அகம்பாவத்தைப் பாருங்கள்.

டாக்டர் வந்தாள். சின்னப் பெண், என் கடைசி மருமகள் வயது இருக்கும். வந்து நின்றுகொண்டே சொல்கிறாள். “ரத்தத்துல கிருமி பரவியிருக்கும்மா. அதுக்கு ஊசி மருந்து போகுது. கால்சியம் ரொம்ப இறங்கியிருக்கு, வலிப்பு அதனாலதான். அதையும் ஏத்துறோம். வைட்டமின் டி பிள்ளைக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. அம்மா உடம்புல இருந்தாத்தானே பிள்ளைக்கு இறங்கும்?”

“இன்னைக்கு ராத்திரி தாண்டுமா டாக்டர்?” என்று ஜெயபாண்டி கேட்டான்.

“பாத்துக்கிட்டேதான் இருக்கோம்” என்றாள். அவ்வளவுதான். பிறகு வினோதினி பக்கம் குனிந்து, “கால்சியம் மாத்திரை கொடுத்திருப்பாங்களே, சாப்பிட்டீங்களா?” என்றாள்.

இவள் என்ன சொல்ல வேண்டும்? சாப்பிட்டேன் என்று சொல்லலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். எத்தனையோ இருக்கிறது. இவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: “இல்ல டாக்டர். ஹவுஸ் ஓனர் அம்மா வேண்டாம்னு சொன்னாங்க.”

அன்றைக்குத்தான் முதன்முறையாக அவள் என்னை ஆன்ட்டி என்று சொல்லவில்லை.

நான் சொன்னேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால்? தெருவில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். கேட்டுவிடுவதா? டிகிரி எதற்குப் படித்தாள்? படிக்காதவள் ஒரு பேச்சுக்குச் சொன்னதைப் படித்தவள் கேட்டால் தப்பு யார் மேல்? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அந்த டாக்டர் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. “வீட்டுல வெயில் விழுமா?” என்று கேட்டாள்.

“மதுரையில வெயிலுக்கா பஞ்சம்?” என்றேன்.

“மதுரைக்கு அடிக்குதும்மா. இந்தப் பொண்ணு மேல அடிச்சுச்சா?”

என்ன பேச்சு பாருங்கள், பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா? நானும் விடவில்லை. “அப்ப வெயில்ல நிக்காததுனாலதான் கிருமி வந்துச்சுனு சொல்றீங்களா?” என்று மடக்கினேன். “அப்படி நான் சொல்லல. கிருமி வர்றதுக்கு வேற காரணமும் இருக்கு. ஆனா இந்தச் சத்து குறைஞ்ச பிள்ளைங்களுக்கு அது கூடுதலா வர்றதைப் பாக்குறோம்” என்றாள். கவனித்தீர்களா? அப்படி நான் சொல்லல! டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. இன்னொன்றும் கேளுங்கள். பேச்சியம்மாள் சமயம் பார்த்து, “அப்ப பிள்ளைய வெயில்ல காட்டலாமா தாயி?” என்று கேட்டாள். டாக்டர், “பச்சைப்பிள்ளையை வெயில்ல போடாதீங்க. சொட்டு மருந்து தர்றோம், அதை நாள் தவறாம குடுங்க. அம்மாதான் மாத்திரை சாப்பிட்டு வெளியில நடமாடணும்” என்றாள். எப்படி? பிள்ளையை வெயிலில் போடாதே என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சொல்கிறாள். அதைத்தானே நானும் சொன்னேன்? என் படியை மறித்தாளே, அவள் முகம் அப்போது போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். நான் அதே சந்தோஷத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டேன். மழை மேகமாக இருந்தது, மாடியில் மோர்மிளகாய் கிடந்தது.

பிறகு அவர்கள் இங்கே வரவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஊருக்குப் போய்விட்டார்கள். ஜெயபாண்டி மட்டும் ஒரு வண்டியைக் கொண்டுவந்து சாமான்களை ஏற்றினான். “என்னப்பா, திடுதிப்புனு காலி பண்ணுனா நான் என்ன செய்வேன்?” என்று கேட்டேன். அட்வான்ஸைக் கொடுத்தேன், எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டான். கிளம்பும்போது இஸ்திரிக்காரனிடம் நின்று ஏதோ பேசினான். அவ்வளவுதான், மறுநாளே தெருவெல்லாம் பரவிவிட்டது. மரகதக்கா மாடியைப் பூட்டிப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாள் என்று. பூட்டினால் பிள்ளை சாகுமா? அப்படியென்றால் பூட்டுக் கடைக்காரனையெல்லாம் தூக்கில் போட வேண்டும்.

வீட்டைக் கழுவும்போது பார்க்கிறேன், பரணில் ஒரு பை. அத்தனையும் அந்த வெள்ளை மாத்திரை. பிரிக்கவே இல்லை. மாதாமாதம் போய் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறாள், கொண்டுவந்து அடுக்கியிருக்கிறாள். தூக்கியும் எறியவில்லை, விழுங்கவும் இல்லை. அரசாங்கம் சும்மா கொடுத்தால் இப்படித்தான், மதிப்புத் தெரியாது. என்ன திமிர் பாருங்கள்!

இதுதான் நடந்தது. இதில் என் மேல் என்ன தப்பு?

என்ன தம்பி? குழந்தையா? இருக்கிறது, இருக்கிறது. ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துவிட்டது. கரண்டி, சொம்பு ஏதோ விட்டுப்போனது என்று போன மாதம் பேச்சியம்மாள் வந்திருந்தாள். இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறதாம். வலிப்பு கிலிப்பு ஒன்றும் இல்லையாம், இன்னும் சொட்டு மருந்து கொடுக்கிறார்களாம். அவளும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறாளாம். மகளும் பேரனும் நல்ல கறுப்பாகியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. நமக்கு எதற்கு?

எழுந்துவிட்டீர்களே! இருங்கள். வாடகையில் கொஞ்சம் குறைக்க வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வருஷமாக அடைத்துக் கிடக்கிற வீடு, நானும் எத்தனை நாள்தான் விளக்கேற்றாமல் போட்டுவைப்பேன்? மாத்திரை விஷயத்தில் நான் இனி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். உங்கள் மனைவி எதை வேண்டுமானாலும் விழுங்கட்டும்.

வேறு என்ன? சொல்லுங்கள், தயங்காமல் கேளுங்கள்.

மாடியா?

நீங்களும் அதையே கேட்கிறீர்களே தம்பி. இவ்வளவு நேரம் என்ன கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?

சரி. உட்காருங்கள். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நானும் பிள்ளை பெற்றவள்தான், கல்நெஞ்சுக்காரி இல்லை. உங்கள் மனைவிக்கு எப்போது தேதி கொடுத்திருக்கிறார்கள்? ஆவணியா? ஆனி, ஆடி வரைக்கும் எனக்கு வடகம் இருக்கிறது. ஆவணியில் வத்தல். புரட்டாசியில் மெஸ்காரர்களுக்கு மோர்மிளகாய். அதையெல்லாம் தொட முடியாது. ஐப்பசி பிறக்கட்டும். அடைமழை பிடித்துக்கொண்டால் நான் மாடிப்பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அப்போது சாவியை உங்கள் மனைவி கையிலேயே கொடுத்துவிடுகிறேன். தாயும் பிள்ளையும் மேலே போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கட்டும்.